அஞ்சு சென்டிமீட்டர் நிழல்

திருப்பூரில் தொப்பி தைத்துப் பிழைக்கிறேன் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். பனியன் கம்பெனிகளின் ஓரத்தில் எத்தனையோ சிறு தொழில்கள் ஓடுகின்றன. தொப்பியும் அதில் ஒன்று. வெளிநாட்டிலிருந்து குழந்தைத் துணிக்கு ஆர்டர் வரும்போது அதே துணியில், அதே அச்சில் தொப்பியும் கேட்பார்கள். பெரிய கம்பெனி லைனில் தொப்பியை ஏற்றினால் வேகம் கெட்டுவிடும். அதனால் வெளியே பவர்டேபிளுக்கு, அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற சிறு தையலகத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒரு பவர்டேபிளில் துணி மடித்துக் கொடுக்கிற கைமடியாகச் சேர்ந்து, அப்புறம் சிங்கர் மெஷினில் உட்கார்ந்து தொழில் பழகியவள் நான். இப்போது வீட்டு முன்னறையில் மூன்று மெஷின் ஓடுகிறது. மாசி பிறந்தால் ஆனி வரைக்கும் குழந்தைகளின் வெயில் தொப்பி. மற்ற மாதங்களில் பள்ளிச் சீருடை.

சட்டை தைத்துப் பழகிய கைக்குத் தொப்பி உடனே படியாது. சட்டையில் பெரும்பாலும் நேர்த்தையல். தொப்பியில் எல்லாமே வளைவு, அதுவும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் போகிற வளைவு. தலைப்பகுதித் துணி ஒரு பக்கம் வளையும், விளிம்புத் துணி மறுபக்கம் வளையும். இரண்டையும் சேர்க்கும்போது விளிம்பைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாலும் போச்சு, தொப்பி முழுக்க அலை அலையாக நெளியும். தையல்விடுவில் விரற்கடைக்கு ஒன்றாக வெட்டு கொடுத்து, துணியைத் தன்போக்கில் விட்டுத் தைக்க வேண்டும். பெரியவர்கள் தொப்பி என்றால் சுற்றளவு பெரிது, மெஷின் தட்டில் சுலபமாகத் திரும்பும். ஒரு வயதுப் பிள்ளையின் தொப்பி குறுகிய அகலத்துக்குள் சுற்றி வரவேண்டும். ஊசி ஓடுகிற நேரத்தைவிடத் துணியைத் திருப்புகிற நேரம்தான் அதிகம்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒன்றுதான். "அக்கா, ரெண்டு சைஸ் பெருசாவே குடுங்க, அடுத்த வருசத்துக்கும் ஆகுமில்லீங்க?"

"தலை சட்டையாட்டம் வளராதுங்க கண்ணு" என்று சொல்லி டேப்பை எடுப்பேன்.

பிறக்கும்போது 35 செ.மீ. வாக்கில் இருக்கிற தலைச்சுற்று முதல் பிறந்தநாளுக்குள் 46ஐத் தொட்டுவிடும். அதோடு ஓட்டம் அடங்கிவிடுகிறது. இரண்டு வயதில் ஏறக்குறைய 48, மூன்றில் 49, ஐந்தில் 50 அல்லது 51. நாலு வருடத்துக்கு மொத்தமே நாலைந்து சென்டிமீட்டர்தான். பிடரிப்பக்கம் ஒரு துண்டு எலாஸ்டிக் கொடுத்துவிட்டால் ஒரே தொப்பி இரண்டு மூன்று கோடையைப் பார்க்கும். பெரிதாக வாங்கினால் அது புருவத்தைத் தாண்டிக் கண்ணில் விழும். கண்ணை மறைக்கிற எதையும் குழந்தை தலையில் வைத்திருக்காது. பிடுங்கி எறியும், அம்மா எடுத்து மாட்டுவாள், மறுபடி எறியும். நாலாவது தடவை தொப்பி பைக்குள் போய்விடும். பைக்குள் இருக்கிற தொப்பியை எவ்வளவு நல்ல துணியில் தைத்து என்ன பயன்? நான் போடுகிற ஒவ்வொரு அளவும், தேர்கிற ஒவ்வொரு நூலும், அந்தத் தொப்பி குழந்தையின் தலையிலேயே இருக்கவேண்டும் என்கிற ஒன்றுக்காகத்தான்.

இந்தத் தொப்பியை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ள எனக்குக் கற்றுக்கொடுத்தது ஆஸ்திரேலிய ஆர்டர்கள். அந்த ஊரில் மூன்று பேரில் இரண்டு பேருக்கு எழுபது வயதுக்குள் ஏதோ ஒரு தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. அதனால் வெயில் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பாடம். 1981இல் ஒரு கடற்பறவைப் பொம்மையை ஆடவிட்டு, சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி மாட்டு என்று தொலைக்காட்சியில் பாட வைத்தார்கள். பல பள்ளிகளிலும் குழந்தைக் காப்பகங்களிலும் தொப்பி இல்லாமல் வந்தால் வெளியே விளையாட விடமாட்டார்கள், நிழலில் உட்காரவேண்டியதுதான். துணி எவ்வளவு புற ஊதாக்கதிரைத் தடுக்கிறது என்று அளக்க 1996இலேயே தரவிதி எழுதிவிட்டார்கள். அங்கிருந்து வருகிற அளவுத் தாளில், சின்னக் குழந்தை என்றால் விளிம்பு 5 செ.மீ.க்குக் குறையக்கூடாது என்று இருக்கும். காதும் பிடரியும் மறையவேண்டும். கிரிக்கெட் கேப் மாதிரி முன்னால் மட்டும் நாக்கு நீட்டியிருக்கிற தொப்பியை வெயில் தொப்பி என்றே அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

நம் ஊர்க் கடைகளில் குழந்தைக்கு வெயில் தொப்பி கேட்டால் எடுத்துக் கொடுப்பது அந்தக் கேப்பைத்தான். அதில் காதின் மேல்மடலும் பிடரியும் திறந்தே கிடக்கும். பெண் குழந்தை என்றால் 3 செ.மீ. விளிம்பில் லேஸும் பூவும் வைத்தது. பார்க்க அழகுதான். நிழல் நெற்றியோடு நின்றுவிடும்.

அந்த 5 செ.மீ. நம் வெயிலுக்கு எப்படிப் பொருந்தும் என்பதை நானாகத்தான் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டியிருந்தது. ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் திருப்பூருக்கு நேர் மேலே சூரியன் வரும். அன்று உச்சிவேளையில் நட்டுவைத்த குச்சிக்கு நிழல் இருக்காது. நம் ஊரில் உச்சி என்பது கடிகாரத்தில் 12 மணி அல்ல, 12.20ஐ ஒட்டி வரும். அந்த நேரத்தில் எந்த விளிம்பும் முகத்தைக் காப்பாற்றும், நிழல் செங்குத்தாகத் தோளில் இறங்கும். ஆனால் 12.20க்கு யார் குழந்தையை வெளியே விடுகிறார்கள்? அங்கன்வாடிக்குப் பிள்ளை நடந்து போவது காலை ஒன்பதரைக்கு, திரும்புவது மூன்றரைக்கு. பூங்காவுக்குக் கூட்டிப்போவது நாலரைக்கு. அப்போதெல்லாம் வெயில் சாய்ந்து நேராக முகத்தில் அடிக்கும். உச்சிக்கு மூன்று மணி நேரம் முன்னும் பின்னும் சூரியன் 45 பாகை உயரத்தில் நிற்கிறது. தட்டையான 5 செ.மீ. விளிம்பு அப்போது 5 செ.மீ. நிழல்தான் தரும். 4.20க்கு அது 3 செ.மீ.க்கு வந்துவிடும், அதாவது கண்ணோடு சரி.

அதே 5 செ.மீ. துணியைச் சரித்துத் தைத்தால் கதை மாறுகிறது. பாதிச் சரிவு கொடுத்தால் விளிம்பே மூன்றரை சென்டிமீட்டர் கீழே இறங்கி நிற்கும். அதற்குமேல் நிழல் சேரும். 45 பாகை வெயிலில் 7 செ.மீ., 4.20க்கு ஐந்தரை. குழந்தையின் புருவத்திலிருந்து ஏழு சென்டிமீட்டர் என்றால் மூக்கைத் தாண்டி மேலுதடுவரை வரும். துணி கூடுதலாக ஆவதில்லை, வெட்டுதான் வேறு. 48 செ.மீ. தலைக்கு ஒன்றரை செ.மீ. தளர்வு சேர்த்து, தட்டை விளிம்பென்றால் 7.9 செ.மீ. ஆரத்தில் முழுவட்டம் போட்டு வெட்டுவோம். சரிவு விளிம்புக்கு 11 செ.மீ. ஆரம் எடுத்து, முக்கால் வட்டத்துக்குக் கொஞ்சம் குறைவான வில்லாக வெட்டி இரண்டு முனையையும் சேர்க்கவேண்டும். பேட்டர்ன் அட்டையில் இதை ஒருமுறை சரியாக வரைந்துவிட்டால் போதும். ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும்: நெற்றிக்கு நேரே சரிவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். குழந்தை எல்லாரையும் அண்ணாந்துதான் பார்க்கிறது. விளிம்பு பார்வையைத் தடுத்தால் முதல் வேலையாகப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

பின்பக்கம் இன்னொரு விஷயம். நம் குழந்தைகள் இடுப்பில், தோளில், மடியில் வளர்கிறவர்கள். தோளில் சாய்ந்ததும் பின் விளிம்பு விறைப்பாக இருந்தால் அது மேலே எழும்பி, தொப்பி மொத்தமும் முன்னால் சரிந்து கண்ணை மூடும். அதனால் கைக்குழந்தைக்குப் பின்னால் விளிம்பே வைப்பதில்லை. பிடரியை மூடித் தொங்குகிற மெல்லிய மடல் வைக்கிறேன். பாலைவனத்துச் சிப்பாய்கள் தொப்பிக்குப் பின்னால் துணி தொங்கவிட்டிருப்பார்களே, அந்த அமைப்புத்தான். மடல் காதுக்கு முன்னாலேயே தொடங்கி முன் விளிம்போடு சேரவேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் காது மடல் சரியாக அந்த இடத்தில்தான் வெயிலில் நிற்கும்.

இந்தக் காது விஷயம் கொங்கு நாட்டுக் கோடையில் இன்னும் முக்கியம். பங்குனி, சித்திரை என்றால் குலதெய்வக் கோயில்களில் மொட்டையும் காதுகுத்தும். பழனி, பண்ணாரி என்று வேனில் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். பிறந்ததிலிருந்து முடி மூடியிருந்த தலைத்தோல், வெயிலையே பார்க்காத தோல், கத்தரி வெயிலுக்கு முன்னால் ஒரே நாளில் திறந்துவிடப்படுகிறது. மேலே சந்தனம் பூசுவார்கள். சந்தனம் குளிர்ச்சி என்பது உண்மை, காய்ந்து உதிர்ந்த பிறகு அதில் நிழல் ஒன்றுமில்லை. அடிவாரத்தில் கிடைக்கிற தொப்பியை அப்போது அவசரத்துக்கு வாங்கி மாட்டுவார்கள். அளவு பார்க்க நேரமிருக்காது. அதனால் மொட்டைக்கு நாள் குறித்தவர்கள் முன்கூட்டியே வந்து சொன்னால் தனியாகத் தைத்துக் கொடுக்கிறேன். முடி போன தலைக்குச் சுற்றளவு கொஞ்சம் குறையும், அதைக் கழித்துக்கொள்ளவேண்டும். உட்பக்கம் எந்தத் தையல்விடுவும் தோலில் படக்கூடாது. நன்றாகத் துவைத்து மெதுவான மல் துணியில் முழு லைனிங். சந்தனக் கறை தெரியாத நிறம். காது குத்திய புண்ணில் துணி உரசாதபடி மடலைக் காதுக்கு மேலே ஒரு கொசுவம் வைத்து வெளியே தள்ளிவிடுவேன். நிழல் விழும், துணி தொடாது. நான் தைப்பதிலேயே அதிகக் கவனம் கேட்கிற தொப்பி இதுதான். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

துணியைப் பற்றிச் சொல்லவேண்டும். கோடைக்கு மெல்லிசாகக் கேட்பார்கள், நியாயம்தான். ஆனால் வெயிலுக்கு நேரே பிடித்தால் விரல் நிழல் தெரிகிற துணி கதிரையும் அப்படியேதான் உள்ளே விடும். மெல்லிய வெள்ளைப் பனியன் துணியின் காப்பு எண் ஐந்து, ஏழு அளவில்தான் நிற்கும். காப்பு எண் 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு கதிர் மட்டும் உள்ளே போகும். நனைந்தாலும் இழுபட்டாலும் பனியன் துணியின் காப்பு இன்னும் குறையும். இறுக்கமாகப் போட்ட பனியன் தொப்பி வேர்வையில் நனையும், கண்ணியும் விரியும், இரண்டும் நடக்கிறது. எனக்குப் பிடித்தது நெருக்கமாக நெய்த பாப்ளின், இரண்டு அடுக்காக. பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறியில் இறங்குகிற காடாத் துணியில் நல்ல நெருக்கமானதைப் பார்த்து எடுத்துச் சாயம் போட்டுக்கொள்வதும் உண்டு. எதுவானாலும் வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்கிறேன். சுருங்கவேண்டியது அப்போதே சுருங்கிவிடும், இழை நெருங்கிக் காப்பும் கூடும்.

வெளிப்பக்கம் வெளிர்நிறம், விளிம்பின் அடிப்பக்கம் கருநீலமோ கரும்பச்சையோ. வெளிர்நிறம் சூட்டைத் திருப்பி அனுப்பும். அடியில் அடர்நிறம் எதற்கென்றால், தரையில் பட்டு மேலே தெறிக்கிற ஒளி விளிம்பின் அடியில் மோதி மறுபடி கண்ணுக்கு வரும்; அடர்நிறம் அதை விழுங்கிக்கொள்ளும். உலர்ந்த கடல் மணல் புற ஊதாக்கதிரில் ஏறக்குறைய 15 விழுக்காட்டைத் திருப்பி அடிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கடற்கரைக்குப் போகிற பிள்ளைக்குத் தொப்பி மட்டும் போதாது என்பதற்கு அது போதும்.

விளிம்பு நிமிர்ந்து நிற்க எங்கள் அம்மா காலத்தில் கஞ்சி போடுவார்கள். வேர்வையில் கஞ்சி பிசுபிசுக்கும், குழந்தை அதை வாயில் வைக்கும். பிளாஸ்டிக் தகடு மடங்கினால் முகத்தில் குத்தும். நான் மெல்லிய கேன்வாஸ் வைத்து, அரை விரற்கடைக்கு ஒரு வரியாக வட்ட வட்டமாகத் தைத்துவிடுகிறேன். நேரம் பிடிக்கும், ஆனால் வாளியில் ஊறவைத்துக் கசக்கிப் பிழிந்தாலும் காய்ந்ததும் உதறினால் நிற்கும். காற்று போக நாலு துளை வேண்டும். இரும்புக் கண் வைத்தால் வெயிலில் காய்ந்து தலையைச் சுடும், நூலாலேயே கண் கட்டவேண்டும்.

கோயில் திருவிழாவில் விற்கிற பனையோலைத் தொப்பியை யாராவது குறைவாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். அகலமும் காற்றோட்டமும் அதற்கு இருப்பதுபோல் எந்தத் துணித் தொப்பிக்கும் கிடையாது. ஓரம் அறுக்கும், நெற்றியில் உறுத்தும். அவ்வளவுதான் அதன் குறை. வாங்கிக் கொண்டுவந்தால் உள்ளே மல் பட்டையும் ஓரத்துக்குப் பைப்பிங்கும் வைத்துத் தருகிறேன்.

தொப்பி பறக்காமல் இருக்க நாடா கேட்பார்கள். இங்கே நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஐரோப்பாவுக்குப் போகிற குழந்தை உடைகளில் ஏழு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கழுத்திலும் தலைமூடியிலும் இழுகயிறு கூடாது என்று இஎன் 14682 என்கிற தரவிதி சொல்கிறது. தொப்பி அந்த விதிக்குள் வராது. ஆனால் சறுக்குமரத்துக் கம்பியில் மாட்டிக்கொண்டால் சட்டைக் கயிறு வேறு, தொப்பிக் கயிறு வேறு என்று கழுத்துக்குத் தெரியுமா? நீளநாடாவுக்குப் பதில் தாடைக்குக் கீழே குட்டைப் பட்டை, அதில் ஒரு டிச் பட்டன். இழுத்தால் பட்டன் திறந்துகொள்ளவேண்டும். அதே நேரம் பட்டன் துணியைவிட்டுப் பிய்ந்து வரக்கூடாது, வந்தால் நேரே வாய்க்குத்தான் போகும். ஏற்றுமதியில் இதற்கு 90 நியூட்டன், ஏறக்குறைய ஒன்பது கிலோ விசையில் இழுத்துப் பார்ப்பார்கள். உள்ளூர்த் தொப்பிக்கு யாரும் கேட்பதில்லை. நான் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துத்தான் மடிக்கிறேன். ஊசி முனை உடைந்தால் உடைந்த துண்டு கிடைக்கும்வரை அடுத்த தொப்பி தைப்பதில்லை என்பதும் கம்பெனியில் பழகியது. குழந்தைத் தலைக்குப் போகிற துணியில் அந்தப் பழக்கத்தை எந்த அவசரத்துக்கும் விடக்கூடாது.

வண்டியில் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப்போகப் பறக்காத தொப்பி வேண்டும் என்று கேட்டால், தொப்பியைப் பற்றிப் பேசுவதில்லை. ஒன்பது மாதத்திலிருந்து நாலு வயதுவரை இருசக்கர வண்டியில் குழந்தைக்கு ஹெல்மெட்டும் உடம்போடு கட்டுகிற பட்டையும் வேண்டும் என்று 2022இல் மத்திய அரசு விதி அறிவித்துவிட்டது. அந்த இடத்தில் தொப்பிக்கு வேலையில்லை. ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு வெயில் தொப்பி கேட்டாலும் கொடுப்பதில்லை. அந்த வயதுக் குழந்தை நேர்வெயிலுக்கே வரக்கூடாது. குடையோ மர நிழலோ போதும். பிறந்த குழந்தையின் உடல் பரப்பில் தலை மட்டுமே ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும். பெரியவர்களுக்குப் பத்தில் ஒரு பங்குகூட வராது. உடம்புச் சூடு வெளியேறுகிற பெரிய வாசல் அது. கோடையில் வீட்டுக்குள்ளும் தூக்கத்திலும் தொப்பியை மாட்டி அந்த வாசலை அடைத்துவைக்கிறவர்களிடம் கெஞ்சிச் சொல்கிறேன், நிழலுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று என்னை வருத்துகிறது. "புள்ளைக்கு மட்டும் ஒண்ணு குடுங்க, கறுத்துப் போயிருவா" என்பார்கள். பக்கத்தில் அவள் அண்ணன் வெறுந்தலையோடு நிற்பான்; அவன் நிறத்தைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. "நிறத்துக்கில்லீங்க, சூட்டுக்கும் கண்ணுக்கும். அவனுக்கும் அதே சூடுதானுங்களே" என்று சொல்லி அவன் தலையையும் அளந்துவிடுவேன். ஆஸ்திரேலியாவில் வெள்ளைத்தோல் பிள்ளைகளுக்கு இருக்கிற தோல் புற்றுநோய் ஆபத்து நம் பிள்ளைகளுக்கு இல்லை. ஆனால் சித்திரை நண்பகலில் நம் ஊர் வானத்தில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டிவிடுகிறது. 3 வந்தாலே காப்பு தேவை என்பது உலகத்துக் கணக்கு. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024இல் மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. அண்ணன் தங்கை என்று வெயில் பிரித்துப் பார்ப்பதில்லை.

இந்த மாசியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு அங்கன்வாடி டீச்சர் வந்தார். பிள்ளைகளுக்குத் தொப்பி தைக்க ஊரில் நாலு பேர் காசு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர் கவலை வேறு: "ஒருத்தர் தொப்பிய ஒருத்தர் மாட்டிட்டு பேன் தொத்திக்குதுங்க அக்கா. பேரெழுதினா படிக்கத் தெரியாதுங்க." ஆளுக்கொரு படம் பூத்தையலில் போட்டுத் தருவதாகச் சொன்னேன். மாங்காய், ஆட்டுக்குட்டி, சைக்கிள், பம்பரம், டிராக்டர். படத்தை நெற்றிப் பக்கம்தான் வைக்கிறேன். எது முன்பக்கம் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும், மடல் பிடரிக்குச் சரியாகப் போய்விடும். முதல் தவணை கொடுத்த மறுநாளே டீச்சர் போன் செய்தார். தொப்பியை யாரும் கழற்றவில்லையாம், சாப்பிடும்போதுகூட. டிராக்டருக்கு மட்டும் சண்டையாம். நீலம், சிவப்பு, பச்சை என்று நிறம் மாற்றி இன்னும் மூன்று டிராக்டர் போட்டுக்கொண்டிருக்கிறேன், திங்கட்கிழமைக்குள் கொடுக்கவேண்டும்.